என் பழைய மாருதியும் தேதி போட்ட நோட்டும்

தீபாவளிக்குப் பெங்களூரிலிருந்து வந்த மகன், வாசலில் நின்ற காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். "அப்பா, இந்த டப்பாவைக் காயலாங்கடையில போட்டுடுங்க. போன்ல ரெண்டு தட்டு தட்டினா வாசல்ல டாக்ஸி வந்து நிக்கும். இதைக் கட்டிக்கிட்டு ஏன் அழறீங்க?" என்றான்.

நான் பதில் சொல்லவில்லை. பேச்சில் அவனை ஜெயிக்க முடியாது. எழுதுவதில்தான் எனக்குக் கொஞ்சம் பழக்கம். ஆகவே இங்கே எழுதுகிறேன். அவனும் படிப்பான் என்று நினைக்கிறேன். ஆனால் இது அவனுக்கு மட்டும் இல்லை. என்னைப்போல ஓய்வு பெற்று, ஒரு பழைய காரை வாசலில் நிறுத்தி வைத்திருக்கும் எல்லோருக்கும்தான்.

வண்டி 1998 மாடல் மாருதி 800. மூன்று சிலிண்டர், 796 சிசி, கார்புரேட்டர் காலத்து வண்டி. 2004-ல் எங்கள் தெருவில் இருந்த ஒரு சொல்தாவிடம் வாங்கினேன். புதுச்சேரிக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு பென்ஷன் வாங்குகிறவர்களை நாங்கள் சொல்தா என்போம். அவர் பிள்ளைகளோடு இருப்பதற்காகப் பாரீசுக்குப் புறப்பட்டபோது, "தம்பி, இதை வெயில்ல போட்டுடாதே" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தார்.

2011-ல் நான் ஓய்வு பெற்றேன். அதன் பிறகு வண்டி வருடத்துக்கு 2,000 கிலோமீட்டர் ஓடினால் அதிகம். கடைத்தெரு, மருத்துவமனை, எப்போதாவது ஒரு கல்யாணம். கொஞ்சமாகத்தானே ஓடுகிறது, என்ன கெட்டுவிடப் போகிறது என்று இருந்தேன். என் வயதுக்காரர்கள் பலரும் இன்றைக்கும் இப்படித்தான் சொல்கிறார்கள். "அண்ணே, நான் எடுக்கிறதே இல்ல, வண்டி புதுசு மாதிரி இருக்கு" என்று பெருமையாகச் சொல்வார்கள். இது எவ்வளவு பெரிய தப்பு என்று எனக்குத் தெரிய வந்த கதையைச் சொல்கிறேன்.

2012 ஆகஸ்டில் ஒருநாள் காலை ஏழு மணிக்குத் திருக்கோவிலூரிலிருந்து போன். பெரியக்காவுக்கு முடியவில்லை, உன்னைப் பார்க்கணும்னு சொல்றாங்க, உடனே வா என்றார்கள். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவர் அவர்தான். வண்டி ஆறு வாரமாக எடுக்காமல் நின்றிருந்தது. பக்கத்து வீட்டுப் பையன்கள் தள்ளிவிட்டுக் கிளம்பியது. வில்லியனூர், கண்டமங்கலம் எல்லாம் தாண்டியாகிவிட்டது. வளவனூருக்குப் பக்கத்தில் வெப்பம் காட்டும் முள் ஏறியது. பானெட்டுக்குள்ளிருந்து புகை மாதிரி ஆவி. ரேடியேட்டர் ஹோஸ் வெடித்துத் தண்ணீர் முழுவதும் ரோட்டில் கொட்டிவிட்டது.

ஒரு புளியமரத்தடியில் வண்டியை விட்டுவிட்டு பஸ் பிடித்தேன். விழுப்புரத்தில் இறங்கி இன்னொரு பஸ். அக்கா வீட்டு வாசலில் நான் இறங்கியபோது மணி ஒன்று. பதினொன்றரைக்கே எல்லாம் முடிந்திருந்தது. "தம்பி வந்துட்டானா, தம்பி வந்துட்டானான்னு ரெண்டு தடவை கேட்டாங்க" என்று அத்தான் சொன்னார்.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும், "பழைய வண்டி, காலை வாரிவிட்டது" என்று எனக்கு ஆறுதல் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். உண்மை எனக்கும் என் மெக்கானிக்குக்கும் மட்டும்தான் தெரியும். அதற்கு முந்தைய சர்வீஸிலேயே அவர், "சார், ஹோஸ் உப்பிப் போயிருக்கு, மாத்திடலாம்" என்று சொல்லியிருந்தார். "போன சர்வீஸுக்கப்புறம் ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடலையேப்பா, அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்றவன் நான். சில நூறு ரூபாய் விஷயம். ரப்பருக்குக் கிலோமீட்டர் தெரியாது, வயதுதான் தெரியும் என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

காரியம் எல்லாம் முடிந்து ஊருக்கு வந்த பிறகு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். அதுதான் இன்றைக்கு மூன்றாவது நோட்டாக என் மேசையில் இருக்கிறது.

நான் படித்தது பிரெஞ்சு மீடியத்தில். எங்கள் வாத்தியார் டிக்தே சொல்ல ஆரம்பிக்கும் முன் வகுப்பை ஒரு சுற்று வருவார். பக்கத்தின் மேலே கிழமையும் தேதியும் எழுதாத பையனின் நோட்டைத் தொடவே மாட்டார். உள்ளே ஒரு பிழைகூட இல்லாமல் எழுதியிருந்தாலும் முட்டைதான். "முதலில் தேதி, பிறகுதான் மற்றது" என்பார். அப்போது அவரைத் திட்டாத பையன் கிடையாது.

பிறகு அரசாங்க வேலைக்கு வந்தேன். அங்கே பீரியாடிகல் ரிஜிஸ்டர் என்று ஒன்று உண்டு. எந்தத் தேதியில் எந்த அறிக்கை மேலே போக வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். அந்த மாதம் ஒன்றுமே நடக்கவில்லை என்றாலும் தப்ப முடியாது. 'இல்லை' என்று எழுதி அனுப்பியே தீர வேண்டும். ஒன்றும் இல்லாததற்கு எதற்கு ஒரு கடிதம் என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் சிரிப்பேன். ஒருவன் போய்ப் பார்த்தால்தானே 'இல்லை' என்று எழுத முடியும்? அந்த ரிஜிஸ்டரின் சூட்சுமமே அதுதான்.

என் கார் நோட்டும் இதே முறைதான். பழைய காரை, அதிலும் குறைவாக ஓடும் காரை, கிலோமீட்டர் பார்த்துப் பராமரிக்காதீர்கள். தேதி பார்த்துப் பராமரியுங்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதன் விளக்கம்.

டயரை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டன் தேயவில்லை, நன்றாகத்தான் இருக்கிறது என்போம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு வருடம். 2319 என்றிருந்தால் 2019-ம் வருடம் 23-வது வாரத்தில் செய்தது. ஆறு வருடம் ஆகிவிட்டால், தேயாவிட்டாலும் நான் மாற்றிவிடுகிறேன். வெயிலில் நின்று நின்று ஓரத்தில் பாளம் பாளமாக வெடித்திருப்பதை விரலால் தடவினாலே தெரியும்.

என்ஜின் ஆயில் 5,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது. எனக்கு எப்போதும் வருடம்தான் முதலில் வருகிறது. கடைத்தெருவுக்கும் வீட்டுக்குமாக இரண்டு கிலோமீட்டர் ஓட்டினால் என்ஜின் சரியாகச் சூடாவதற்குள் அணைத்துவிடுகிறோம். ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆயிலில் இறங்கிக்கொண்டே இருக்கும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் குணம் உள்ளது. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றாவிட்டால் வீல் சிலிண்டர் உள்ளே துருப்பிடிக்கும். கூலன்டையும் இரண்டு, மூன்று வருடத்துக்குள் மாற்ற வேண்டும். தயவுசெய்து அதில் குழாய்த் தண்ணீரை ஊற்றாதீர்கள். எங்கள் பக்கத்து போர் தண்ணீர் பக்கெட்டிலேயே உப்புப் படிந்து நிற்கும். ரேடியேட்டருக்குள் என்ன செய்யும் என்று யோசியுங்கள்.

பிறகு ரப்பர். ரேடியேட்டர் ஹோஸ்கள், ஃபேன் பெல்ட், பெட்ரோல் ஹோஸ், ஆக்ஸில் பூட், எல்லாவற்றுக்கும் மேலாக டைமிங் பெல்ட். அது அறுந்தால் ஆவி, சத்தம் என்று எந்த முன்னறிவிப்பும் கிடையாது. நின்ற இடத்தில் நிற்க வேண்டியதுதான். இவை எல்லாவற்றையும் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை மொத்தமாக மாற்றிவிடுவது என் வழக்கம். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. எங்கள் காலத்து வண்டிகளின் ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டது இல்லை. அதனால் பெட்ரோல் ஹோஸை மட்டும் வருடத்துக்கு ஒரு தடவை கழற்றிப் பார்க்கச் சொல்கிறேன். பெட்ரோல் வாசனை வந்தால் அன்றைக்கு வண்டியை எடுப்பதில்லை. டாங்கில் போட்டதை மாதக்கணக்கில் வைத்திருக்காமல் ஓட்டித் தீர்த்துவிடுகிறேன்.

ஓட்டுவதைப் பற்றி ஒன்று. காலையில் ஸ்டார்ட் செய்து, ஐந்து நிமிடம் உறும விட்டு அணைத்துவிட்டு, வண்டியைக் கவனித்துக்கொள்வதாக நினைக்கிறோம். அது கவனிப்பு இல்லை. ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரி இழந்தது ஐந்து நிமிடத்தில் திரும்பி வராது. சைலன்ஸருக்குள் தண்ணீர் தேங்கித் துரு ஏறும், அவ்வளவுதான். வாரத்துக்கு ஒரு நாள், அரை மணி நேரம், ரோட்டில் ஓட்ட வேண்டும். வியாழக்கிழமை காலை நானும் மனைவியும் வில்லியனூர் வரை போய் ஒரு காபி குடித்துவிட்டு வருவோம். கடற்கரைச் சாலைப் பக்கம் போனால் உப்புக் காற்று. போக நேர்ந்தால் வீட்டுக்கு வந்ததும் வண்டியின் அடிப்பக்கத்தில் நல்ல தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிடுவேன்.

கடலோர ஊரில் பழைய காருக்கு முதல் எதிரி துருதான். கதவுகளின் அடியில் தண்ணீர் வடியச் சின்ன ஓட்டைகள் உண்டு. அதில் மண் அடைத்துக்கொண்டால் கதவு உள்ளிருந்தே அரிக்கும். மழைக்காலத்துக்கு முன் ஒரு ஈர்க்குச்சியால் குத்தி விட்டால் போதும், காசு செலவு இல்லை. மழை விட்டதும் கால் மிதியடிகளைத் தூக்கி, தரைத்தகடு ஈரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். நாள்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் ஹேண்ட் பிரேக் போடாமல், கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். இல்லாவிட்டால் பின் டிரம் பிடித்துக்கொள்ளும்.

மெக்கானிக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். பதினெட்டு வருடமாக ஒரே ஆள். வண்டி நின்றுபோன பிறகு ஓடிப் போய் அவரைப் பிடிப்பதில்லை. நோட்டில் தேதி வந்ததும் போகிறேன். கூலியில் பேரம் பேசுவதில்லை. நோட்டைப் பார்த்து முதலில் சிரித்தவர், இப்போது அவரே பேனாவை வாங்கி எழுதுகிறார். மாருதி 800 தயாரிப்பு 2014-லேயே நின்றுவிட்டது. ஆனால் இத்தனை லட்சம் வண்டி ஓடிய நாட்டில் உதிரி பாகத்துக்குப் பஞ்சம் இல்லை. ஒரு ஹோஸ், ஒரு ஃபேன் பெல்ட், இரண்டு கிளிப், ஃபியூஸ், இரண்டு லிட்டர் தண்ணீர். இவை எப்போதும் டிக்கியில் இருக்கும். ஹோஸைப் பார்க்கும்போதெல்லாம் அக்கா ஞாபகம் வரும். வரட்டும் என்றுதான் வைத்திருக்கிறேன்.

இனி மகனுக்குப் பதில். அவன் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. இந்த வண்டியில் ஏர்பேக் கிடையாது, ஏபிஎஸ் கிடையாது. அதனால்தான் நெடுஞ்சாலையில் இதை எடுப்பதை விட்டுவிட்டேன், இரவிலும் ஓட்டுவதில்லை. வெளியூருக்கு டாக்ஸிதான். பதிவைப் புதுப்பிக்கும் கட்டணமும் கூடிவிட்டது. முன்பு 600 ரூபாயாக இருந்தது 2022 ஏப்ரலில் 5,000 ஆனது, அதன் பிறகு இருபது வயது தாண்டிய வண்டிகளுக்கு இன்னும் ஏற்றிவிட்டார்கள். புகை கக்கும் வண்டிகளை ரோட்டிலிருந்து அகற்ற வேண்டும் என்பதையும் நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வயதை மட்டும் பார்த்துத் தள்ளுவது சரியில்லை. கவனிப்பில்லாத பத்து வயது வண்டியைவிட, தேதி தவறாமல் கவனித்த இருபத்தேழு வயது வண்டியை நான் நம்புவேன். புகைச் சான்றிதழில் ஒரு தடவைகூட என் வண்டி தவறியதில்லை.

கணக்கும் நோட்டில் இருக்கிறது. சென்ற வருடம் சர்வீஸ், இன்சூரன்ஸ், ஒரு பேட்டரி எல்லாம் சேர்த்து 11,340 ரூபாய். டாக்ஸியில் போனால் இதைவிடக் குறையுமோ என்னவோ. ஆனால் டாக்ஸி வருவதற்குள் மனைவிக்கு மூச்சு வாங்கினால் என்ன செய்வது என்ற கேள்விக்கு போனில் பதில் இல்லை. மார்ச் மாதம் அப்படி ஒரு நாள் வந்தது. சாவியைத் திருப்பினேன், ஒரே திருப்பில் கிளம்பியது. பன்னிரண்டு நிமிடத்தில் மருத்துவமனை. மகனே, இதை உன்னிடம் அப்போது சொல்லவில்லை, பயப்படுவாய் என்று.

என்றைக்கும் இதை வைத்துக்கொண்டிருப்பேன் என்றும் சொல்லவில்லை. சீட்டு போல்ட் பிடிக்கும் இடத்தில் தகடு அரித்துவிட்டால் அந்த வண்டி யாருக்கும் ஆபத்து. அன்றைக்கு நானே காயலாங்கடைக்கு ஓட்டிக்கொண்டு போவேன். அல்லது என் கண்ணும் முழங்காலும் வண்டிக்கு முன்னால் ஓய்வு கேட்கலாம். அதற்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். வருடத்துக்கு ஒரு தடவை கண் பரிசோதனை, தேதியோடு.

இதைப் படித்து முடித்ததும் வாசலுக்குப் போய் உங்கள் டயரில் அந்த நான்கு இலக்கத்தைப் பாருங்கள். ஸ்டெப்னியையும் சேர்த்து. நோட்டு இல்லாவிட்டால் காலண்டர் தாளின் பின்பக்கம் போதும், எழுதி வையுங்கள். முதலில் தேதி.