வலி முதுகில், காவல் வயிற்றில்

கேள்வி: "என் கணவருக்கு வயது 44. மூன்று ஏக்கரில் நெல், பிறகு உளுந்து. இரண்டு போகமாக அவருக்கு இடுப்பு வலி. மாத்திரை போட்டால் குறைகிறது, கட்டு தூக்கினால் திரும்பி வந்துவிடுகிறது. மருந்துக் கடையில் பெல்ட் வாங்கி நாள் முழுக்கக் கட்டிக்கொண்டு வேலை செய்கிறார். அரசு மருத்துவமனையில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பில் கோளாறு இல்லை, வயிற்றுத் தசைக்கும் சேர்த்துப் பயிற்சி செய்யுங்கள் என்றார்கள். வலி முதுகில் இருக்கும்போது வயிற்றுக்கு எதற்குப் பயிற்சி என்று அவர் செய்ய மறுக்கிறார். சம்பா அறுவடைக்குள் சரியாகுமா? எல்லாவற்றுக்கும் ஆள் வைத்தால் கட்டுப்படியாகாது."
- வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்: மருத்துவமனையில் சொன்னது சரிதான். முதுகைத் தாங்குவதில் பாதி வேலை வயிற்றுடையது. இதைப் புரிந்துகொண்டால் பயிற்சி செய்ய மனம் வரும், தூக்கும் முறையும் தானாக மாறும்.

இடுப்பில் எலும்பு எத்தனை?

விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில், முன்பக்கம் எலும்பே கிடையாது. பின்பக்கம் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய 5 முள்ளெலும்புகள் மட்டும் உண்டு. அவற்றுக்கு இடையில் ஊரில் 'ஜவ்வு' என்று சொல்லும் வட்டுகள் இருக்கின்றன. தலை, மார்பு, கை, தூக்கும் சுமை ஆகிய எல்லாம் இந்த 5 எலும்புகளின் மேல்தான் நிற்கின்றன. பந்தல் கால் தனியாக நிற்காது, நாலு பக்கமும் இழுத்துக் கட்டிய கயிறு வேண்டும். முதுகெலும்புக்கு அந்தக் கயிறு தசைதான். பின்னால் மட்டும் கட்டி முன்னால் விட்டால் கால் சாய்ந்துவிடும்.

பின்பக்கத் தசைகள்

முதுகெலும்பின் இரு பக்கமும் கயிறு திரித்தது போல மேலிருந்து கீழாகத் தடித்த தசை ஓடுகிறது. குனிந்தவரை நிமிர்த்துவது இதுதான். இதற்கு அடியில், எலும்போடு ஒட்டி, ஒரு முள்ளெலும்பிலிருந்து இரண்டு மூன்று எலும்பு தாண்டி இன்னொன்றுக்குப் போகும் குட்டைத் தசைகள் உள்ளன. எலும்பு எலும்பாகப் பிடித்து அசையாமல் வைப்பது இவற்றின் வேலை.

இந்தக் குட்டைத் தசைகளைப் பற்றி ஒரு முக்கியமான செய்தி உண்டு. முதன்முறை இடுப்பு வலி வந்தவர்களை ஆஸ்திரேலியாவில் ஆராய்ந்து 1996 இல் முடிவை வெளியிட்டார்கள். வலி வந்த பக்கம் இந்தத் தசை சிறுத்துப் போயிருந்தது. வலி போன பிறகும் அது தானாகப் பழைய அளவுக்கு வரவில்லை. பயிற்சி செய்தவர்களுக்கே திரும்பியது. மாத்திரையில் வலி குறைந்ததும் கட்டு தூக்குகிறவருக்கு வலி ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்பதற்கு இது ஒரு காரணம்.

முன்பக்கத் தசைகள்

வயிற்றின் நடுவில், மார்புக் கூட்டிலிருந்து அடிவயிற்று எலும்பு வரை இரண்டு பட்டைகளாக நேர்த்தசை இறங்குகிறது. உடலை முன்னால் வளைப்பது இது. பக்கவாட்டில் மூன்று அடுக்குத் தசைகள் உள்ளன. மேலடுக்கு சட்டைப் பையில் கை விடுவது போலச் சரிவாகக் கீழிறங்கும். நடு அடுக்கு அதற்கு எதிர்த் திசையில் போகும். உள்ளடுக்கு குறுக்காகச் சுற்றி வந்து, முதுகுப் பக்கமுள்ள தடித்த சவ்வோடு சேரும். வெவ்வேறு திசையில் அடுக்கியிருப்பதால் எந்தப் பக்கம் இழுத்தாலும் தாங்குகிறது.

மூட்டை தூக்கும் முன் துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டுவது பழைய வழக்கம். உள்ளடுக்குத் தசை உடம்போடு பிறந்த துண்டு. அது இறுகும்போது வயிற்றுக்குள் அழுத்தம் கூடுகிறது. டிராக்டர் டயரில் ரப்பர் மட்டும் பாரத்தைத் தாங்குவதில்லை, உள்ளே உள்ள காற்றும் தாங்குகிறது. அது போல, இறுகிய வயிறு முன்னாலிருந்து முதுகெலும்புக்கு முட்டுக் கொடுக்கிறது. வயிறு தளர்ந்தவருக்கு இந்த முட்டு இல்லை. எல்லாப் பாரமும் பின்பக்கத் தசைக்கும் வட்டுக்கும் போகிறது.

குழந்தை பெற்ற பெண்களுக்கு நடுவயிற்றில் நேர்த்தசைகள் இரண்டும் விலகி, நடுக்கோடு தளர்ந்திருக்கும். பலருக்கு மாதங்கள் கழிந்தும் முழுதாகச் சேராது. நடவுக்கும் களைக்கும் போகும் பெண்கள் இந்தத் தசையைப் பழக்கிக்கொள்வது அவசியம்.

20 கிலோ எப்படி 200 கிலோ ஆகிறது?

கடப்பாரையின் நீண்ட முனையைப் பிடித்தால் பெரிய கல்லும் நகரும், கல்லை ஒட்டிப் பிடித்தால் நகராது. முதுகுத் தசைக்குக் கிடைத்திருப்பது குட்டை முனை. வட்டின் நடுவிலிருந்து அது சுமார் 5 செ.மீ. தள்ளித்தான் இருக்கிறது. 20 கிலோ சுமையை உடலிலிருந்து 50 செ.மீ. தள்ளிப் பிடித்தால், அதைச் சமன் செய்யத் தசை 200 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். அதே சுமையை 20 செ.மீ. தூரத்தில் பிடித்தால் 80 கிலோ போதும். குனிந்த உடலின் எடை இதற்கு மேல் தனி.

1999 இல் ஜெர்மனியின் உல்ம் நகர ஆய்வாளர்கள் ஒருவரின் இடுப்பு வட்டுக்குள் அழுத்தம் அளக்கும் கருவியை வைத்தே பார்த்தார்கள். நேராக நிற்கும்போது உள்ள அழுத்தத்தை ஒரு பங்கு என்று வைத்தால், 20 கிலோவை உடலோடு ஒட்டிப் பிடித்தபோது இரண்டு பங்குக்குச் சற்று அதிகம். முழங்காலை மடக்கி, முதுகை நேராக வைத்துத் தூக்கியபோது சுமார் மூன்றரைப் பங்கு. முதுகை வளைத்துத் தூக்கியபோது நாலரைப் பங்குக்கும் மேல்.

குனிந்தே இருக்கும் வேலை

நடவு, களை, நாற்றுப் பறி ஆகியவற்றில் முழுதாகக் குனியும்போது முதுகுத் தசை வேலை செய்வதை ஏறக்குறைய நிறுத்திவிடுகிறது. உடல் பாரம் எலும்பைக் கட்டியிருக்கும் நார்களில் தொங்குகிறது. நெடுநேரம் தொங்கினால் நார் இளகி நீளும். நிமிர்ந்ததும் அது உடனே பழைய நிலைக்கு வராது. அந்த நேரத்தில் கட்டு தூக்குவதுதான் ஆபத்து. களை எடுத்துவிட்டுக் கரையேறியவுடன் நாற்று முடியைத் தூக்கக் கூடாது. நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்து மெல்லப் பின்னால் வளைந்து, ஐந்து நிமிடமாவது நடந்துவிட்டுத் தூக்கலாம்.

இரவில் படுத்திருக்கும்போது வட்டுகள் நீர் ஏறி உப்பியிருக்கும். வலி உள்ளவர்கள் எழுந்த முதல் ஒரு மணி நேரம் ஆழமாகக் குனிவதையும் பாரம் தூக்குவதையும் தவிர்க்க வேண்டும். சாணி அள்ளுவதும் வாசல் பெருக்குவதும் அந்த நேரத்து வேலைகள்தான். நீளமான காம்பு வைத்த துடைப்பமும் மண்வெட்டியும் இதற்கு உதவும்.

பெல்ட் கட்டலாமா?

பணியிடத்தில் பெல்ட் கட்டுவதை ஆராய்ந்த அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு, சுகாதார நிறுவனம், நல்ல முதுகைக் காயத்திலிருந்து காக்க பெல்ட் உதவும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 1994 இல் அறிவித்தது. வலி கடுமையாக உள்ள சில நாட்களுக்கு மருத்துவர் சொன்னால் கட்டலாம். பெல்ட் இருக்கிற தைரியத்தில் கூடுதல் பாரம் தூக்குவது தவறு.

வீட்டில் செய்யும் பயிற்சி

1. மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி, தொப்புளை மெல்ல உள்ளிழுத்து 10 எண்ணும் வரை வைக்க வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது. 10 முறை.
2. அதே நிலையில் வயிற்றை இறுக்கிக்கொண்டு இடுப்பை மட்டும் மேலே தூக்கி, 5 எண்ணி இறக்க வேண்டும். 10 முறை.
3. மாடு நிற்பது போல கை, முழங்கால் ஊன்றி, வலது கையையும் இடது காலையும் நேராக நீட்டி 5 எண்ண வேண்டும். பிறகு மாற்றிச் செய்ய வேண்டும். பக்கத்துக்கு 8 முறை.

மல்லாந்து படுத்து முழுதாக எழுந்து உட்காரும் பயிற்சி வேண்டாம், அது வட்டை நெரிக்கும். பயிற்சியின்போது வலி காலுக்கு இறங்கினால் நிறுத்திவிட வேண்டும். குடலிறக்கம் உள்ளவர்களும், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும், பிரசவமாகிச் சில மாதங்களே ஆனவர்களும் மருத்துவரைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும்.

வயலில் மாற்ற வேண்டியவை

யூரியா மூட்டை 45 கிலோ, டி.ஏ.பி. 50 கிலோ. இவற்றைத் தரையிலிருந்து ஒருவர் தூக்கக் கூடாது. இருவர் பிடிக்க வேண்டும், அல்லது பாதியைச் சாக்கில் கொட்டி எடுத்துப் போக வேண்டும். 16 லிட்டர் தெளிப்பான் நிறைந்தால் கருவியோடு 20 கிலோ வரும். 10 லிட்டர் மட்டும் ஊற்றி, மேடையிலோ திண்ணையிலோ வைத்து, முதுகைக் கொடுத்து மாட்டிக்கொள்ளலாம். கட்டுகளைச் சிறிதாகக் கட்டினால் நடை கூடும், முதுகு மிஞ்சும். தூக்கும்போது வயிற்றை இறுக்கி, சுமையை உடலோடு அணைத்து, காலால் எழ வேண்டும். திரும்ப வேண்டுமானால் இடுப்பை முறுக்காமல் காலை மாற்றி வைக்க வேண்டும். வரிசை நடவு வயலில் கோனோவீடர், புன்செயில் நீண்ட கைப்பிடிக் களைக்கருவி பயன்படுத்தினால் குனிய வேண்டியதே இல்லை.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியவை

வலி முழங்காலுக்குக் கீழே இறங்கிப் பாதம் மரத்துப்போதல், பாதத்தைத் தூக்க முடியாமை, சிறுநீர், மலம் கட்டுப்பாடின்றிப் போதல் அல்லது சிறுநீர் வராமல் அடைத்தல், தொடை இடுக்கில் உணர்வில்லாமை, காய்ச்சலோடு முதுகு வலி ஆகியவற்றுக்கு ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. அடிவயிற்று ஓரத்தில் உள்ள வீக்கம் உள்ளே போகாமல் கெட்டியாகி வலித்தாலும், வாந்தி வந்தாலும் அப்படியே. விலாவுக்குக் கீழிருந்து தொடை இடுக்கு வரை விட்டுவிட்டு வலித்து, சிறுநீர் எரிந்தால் அது தசை வலியாக இருக்காது, கல்லாக இருக்கலாம்.

அறுவடைக்குள் சரியாகுமா என்றால், தசை வலுப்பெற வாரக்கணக்கில் ஆகும். இன்று தொடங்கி நாள் தவறாமல் செய்தால் அறுவடைக்குள் முன்னேற்றம் தெரிய வாய்ப்புண்டு. ஆனாலும் இந்த சம்பாவுக்குப் பெரிய கட்டுகளும் நெல் மூட்டைகளும் தூக்க மட்டுமாவது ஆள் வைப்பது நல்லது. அந்தச் சில நாள் கூலி, அடுத்த போகம் முழுவதும் படுத்துக்கிடப்பதை விடக் குறைந்த செலவு.