கரண்டி பிடிக்காத கட்டடக் கலை

திருவனந்தபுரம் தம்பானூரில் ரயிலை விட்டு இறங்கும் தமிழர்களுக்கு, செங்கல் கோபுரமாகச் சுருண்டு எழும் இந்தியன் காபி ஹவுஸைத் தெரியும். சுவர் நெடுகத் துளைகள். காற்றும் வெளிச்சமும் தாமாகவே உள்ளே வருகின்றன. கட்டியவர் லாரி பேக்கர்.

பர்மிங்ஹாமில் கட்டடக் கலை படித்த அவர், இமயமலைப் பக்கம் பித்தோராகட்டில் வாழ்ந்தபோது ஊரார் கட்டிய வீடுகளைப் பார்த்தே மறுபாடம் கற்றார். செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் 'எலிப்பொறி' முறையைக் கேரளத்தில் பரப்பினார். செங்கல் ஏறக்குறைய கால் பங்கு மிச்சம். வெயிலின் சூடும் உள்ளே குறைவு.

சுற்றுச்சூழலுக்கு ஏற்ற வடிவமைப்பு இன்று கல்லூரிப் பாடம்தான். ஆனால் பரீட்சைத் தாளில் எழுதினால் மட்டும் போதுமா? கண்ணாடிச் சுவர் வரைந்துவிட்டு, பிறகு குளிர்சாதனத்தைச் சேர்ப்பது வடிவமைப்பு ஆகாது. ஐந்தாண்டுப் படிப்பில் ஒரு பருவமாவது மாணவர்கள் கரண்டி பிடிக்க வேண்டும். தாங்கள் எழுப்பிய சுவரின் உட்புறத்தை உச்சி வெயிலில் தொட்டுப் பார்க்கட்டும். மதிப்பெண் அந்தச் சுவருக்குக் கிடைக்கட்டும்.

சொல்லித்தர ஆளுக்குப் பஞ்சமில்லை. நாஞ்சில் நாட்டிலிருந்து வேலைக்கு வரும் கொத்தனார்கள் இருக்கிறார்கள். அவர்களை வகுப்புக்கு அழைத்து, ஆசிரியருக்குரிய சம்பளம் கொடுப்பதில் கல்லூரிகளுக்கு என்ன கௌரவக் குறைவு?