வெளிச்சம் ஆருக்கு?

மின்னொளியில் கரப்பந்தாட்டம் எண்டால் எனக்குச் சின்னனில இருந்தே விசர். போன லீவுக்கு மல்லாவிக்கு வந்தபோதும் ஒரு சுற்றுப்போட்டிக்குப் போயிருந்தேன். இந்தமுறை புதுசாய் ஒரு சாமான்: வலைக்கம்பத்திலும் ஸ்பீக்கர் பெட்டியிலும் நிறம் மாறி மாறி மின்னும் எல்ஈடி லைற். ஒவ்வொரு புள்ளிக்கும் அது வெட்டி வெட்டி அடிக்க, சனம் கூ அடித்தது. நானும்தான் அடித்தேன்.

பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். அடுத்த சேர்விஸ் போட்ட பிறகும் அது நிற்கவில்லை. பந்தை எடுக்க வந்த பெடியன் அண்ணாந்து பார்த்துக் கையை நீட்டினான். பந்து தோளில் பட்டு வெளியே போனது. "டேய், நித்திரையோ?" என்று பக்கத்தில் ஒருத்தர் கத்தினார். நித்திரை இல்லை, அவனுக்குக் கண் கூசிவிட்டது.

இது எங்கட ஊர்க்கதை மட்டும் இல்லை. 2023 ஒக்ரோபர் 25, டெல்லி. உலகக்கிண்ணத்தில் நெதர்லாந்துக்கு எதிராக 40 பந்தில் சதம் அடித்த மக்ஸ்வெல், ஆட்டம் முடிந்ததும் குறை சொன்னது தண்ணீர் இடைவேளையில் நடந்த லைற் ஷோவைத்தான். தலையிடி வருகிறது, கண் பழைய நிலைக்கு வர நேரமெடுக்கிறது என்றார். அதே அணியின் வோர்னரோ, தனக்கு அது பிடித்திருக்கிறது, எல்லாம் ரசிகர்களுக்காகத்தானே என்றார்.

வோர்னர் சொன்னதிலும் நியாயம் இருக்கு. சனம் இல்லாமல் என்ன ஆட்டம்? ஆனால் கண்மணி வெளிச்சத்துக்குச் சட்டென்று சுருங்கும். திரும்ப இருட்டுக்குப் பழக அவ்வளவு கெதியில் முடியாது. முழுசாய்ப் பழக இருபது, முப்பது நிமிசம்கூட எடுக்கும். சேர்விஸ் பந்துக்கு ஒரு செக்கன் போதும்.

மின்னுற எல்லாம் கூடாது என்றும் இல்லை. 2014 இல் இலங்கை வென்ற டி20 உலகக்கிண்ணத்திலேயே எல்ஈடி ஸ்டம்ப் இருந்தது. பெய்ல்ஸ் கழன்றால்தான் அது மின்னும். ரன் அவுட்டா இல்லையா என்று நடுவருக்குக் காட்டும். அந்த வெளிச்சத்துக்கு ஒரு வேலை இருக்கு.

கழகக்காரரிடம் கேட்பது பெரிய செலவுள்ள விசயம் இல்லை. புள்ளி எடுத்ததும் மின்னட்டும். சேர்விஸ் விசில் ஊதமுதல் நிற்பாட்டுங்கோ. வலைக்கம்பத்தில் கட்டாமல் சனத்துக்கு மேலே கட்டுங்கோ. அவ்வளவுதான்.

கரண்ட் இல்லாத காலத்தில், அரிக்கன் லாம்பில் படிக்கிற பிள்ளையின் பக்கம் அம்மாமார் ஒரு மட்டைத்துண்டைச் செருகி வைப்பினமாம். வெளிச்சம் கொப்பியில் விழவேணும், கண்ணில் விழக்கூடாது. இப்ப கரண்ட் வந்திட்டுது. அந்த மட்டைத்துண்டைத்தான் மறந்து போனோம்.