எழுத்துக்கும் ஒரு முகம் உண்டு

குற்றாலத்தில் ஸீஸன். பூந்தூற்றலாகச் சாரல் விழுந்துகொண்டிருந்தது. பேரருவியில் நீராடி எழுந்த மனிதனுக்கு எப்படிப் பசிக்கும் என்பதை நேயர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. பசியாறிவிட்டுக் கடைவீதியில் நடந்தோம். மங்குஸ்தானையும் ரம்புட்டானையும் அலட்சியம் செய்து வந்த நமது ஐந்து வயதுப் பேரன், ஒரு கடை முன்னால் திடீரென்று நின்று, "அதோ பிளேஸ்டேஷன்!" என்று கூவினான்.

அங்கே தொங்கியது ஒரு பனியன்தான். அதில் அந்த வீடியோ விளையாட்டுக் கருவியின் சின்னம் அச்சாகியிருந்தது. நமது பேரனுக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியாது. தமிழிலும் 'அ'னாவுக்கும் 'ஆ'வன்னாவுக்கும் இன்னும் வழக்குத் தீரவில்லை. ஆனாலும் தடுமாறாமல் படித்துவிட்டான்!

அவன் எழுத்தைப் படிக்கவில்லை. முகத்தை அடையாளம் கண்டுகொண்டான். 'பி' என்னும் எழுத்து நிமிர்ந்து நிற்க, 'எஸ்' அதன் காலடியில் நிழல்போலப் படுத்துக் கிடக்கும் அந்தச் சின்னம், 1994-ல் ஜப்பானில் வெளியான முதல் கருவிக்காக மனாபு ஸகாமோட்டோ என்பவர் வரைந்தது. எழுத்தே சித்திரமாகிவிட்டது.

இந்த விஷயத்தில் பெரிய கம்பெனிகளுக்கும் சறுக்கல் உண்டு. 2006-ல் மூன்றாவது பிளேஸ்டேஷன் வந்தபோது, 'ஸ்பைடர்மேன்' திரைப்படத் தலைப்பின் எழுத்தை ஒத்த வடிவத்தில் அதன் பெயரைப் பொறித்தார்கள். சிலந்தி மனிதனின் சட்டையை இதற்கு ஏன் மாட்டினார்கள் என்று பலரும் கேலி செய்தார்கள். 2009-ல் மெலிந்த உருவில் கருவி மறுபடி வந்தபோது, அந்த எழுத்துக்கு விடை கொடுத்துவிட்டு, பெயரையும் சுருக்கி, இரண்டாவது கருவியின் பாணிக்கே திரும்பினார்கள். எழுத்தின் முகம் பொருளுக்குப் பொருந்தாவிட்டால் ஜனங்கள் ஏற்பதில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

மறுநாள் தென்காசிக்குப் போனோம். பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எடுப்பித்த காசி விசுவநாதர் ஆலயத்தில், பின்னால் வருகிறவர்கள் கோயிலைப் பழுது பார்த்துக் காக்க வேண்டும் என்று அவன் வேண்டிக்கொண்ட செய்யுட்கள் கல்லில் இருக்கின்றன. உளிக்கு ஏற்ற உருவம் கொண்ட எழுத்து அது. பழங் கல்வெட்டுக்களில் மெய்யெழுத்தின் புள்ளியைப் பெரும்பாலும் காண முடியாது. பேரன் விரலால் ஓர் எழுத்தைத் தடவிப் பார்த்து, "தாத்தா, இது எந்தக் கம்பெனி?" என்று கேட்டான்.

சிரித்துவிட்டோம். ஆனால் சிரிப்பு அடங்கிய பிறகு மனம் சும்மா இருக்கவில்லை. தென்காசியிலிருந்து செங்கோட்டையைத் தாண்டி, ஆரியங்காவுக் கணவாய் வழியே இறங்கினால் கொல்லம். அங்கேதான் 1578-ம் ஆண்டு அக்டோபர் 20-ந் தேதி, ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் பாதிரியாரின் 'தம்பிரான் வணக்கம்' என்னும் 16 பக்க நூல் தமிழ் எழுத்தில் அச்சாயிற்று. இந்திய மொழிகளில் நமது தமிழே அச்சுக்கு முந்திக்கொண்டது. கல், ஓலை, ஈயம் என்று எது வந்தாலும் அதற்கேற்ற உருவெடுத்த எழுத்து, விளையாட்டுப் பெட்டியின் அட்டையைக் கண்டு மட்டும் கூச்சப்படுவானேன்?

அழகான அச்செழுத்து இல்லை என்று சொல்வதற்கில்லை. மும்பையிலுள்ள எக் டைப் என்னும் கலைஞர் குழுவினர் 'பாலு தம்பி' என்று ஒரு தமிழ் எழுத்து வார்த்திருக்கிறார்கள். கொழுகொழுவென்று, குழந்தைகள் கன்னத்தைக் கிள்ளத் தோன்றும் எழுத்து! கணினி உள்ளவர்கள் எவரும் காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்ளலாம். ஆயினும் நாம் அந்தக் கடைவீதியில் பார்த்த விளையாட்டுப் பெட்டிகளில், தமிழ் ஒன்று அடியோடு இல்லை. இருந்தால் எச்சரிக்கை வாசகமாக, எறும்பு ஊர்ந்தாற்போல் ஒரு மூலையில் இருந்தது. குழந்தைக்கு ஆனந்தம் தரும் பெயர் இங்கிலீஷில், 'வாயில் போடாதே' என்னும் அதட்டல் மட்டும் தமிழில் என்றால், அது எந்த மொழியிடம் ஆசை கொள்ளும்?

அந்நிய எழுத்தை வெறுக்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம் அல்ல. நமது எழுத்துக்கும் பெட்டியின் நெற்றியில் இடம் வேண்டும். விளையாட்டுச் சாமான் செய்கிறவர்களும் செய்நிரலில் ஆட்டம் படைக்கும் இளைஞர்களும் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இவ்வளவு உபதேசம் செய்கிற நாம் அந்தப் பனியனை வாங்கிக் கொடுத்தோமா என்று நேயர்கள் கேட்கலாம். வாங்கிக் கொடுத்துத்தான் விட்டோம். ஆனால் கோயிலில் அவன் கேட்டதற்கும் பதில் சொல்லியிருக்கிறோம்: "அது நம்ம கம்பெனி, ராஜா!"