முதலில் ஏற்ற வேண்டியது எது?

பொகவந்தலாவை சென்ட் மேரிஸ் தேவாலயத்தின் மயானத்தில் ஜூலியா மார்கரெட் கமரன் என்னும் ஆங்கில மாதின் கல்லறை இருக்கிறது. ஒளிப்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவராகிய அவர் 1879ஆம் ஆண்டு ஜனவரியில் இம்மலைநாட்டிலே காலமானார். கண்ணாடித் தகட்டிற் பிடித்துத் தாளில் அவர் பதித்த படங்களை இன்றும் எவரும் காணலாம். அதற்குக் கண் ஒன்றே போதும். ஆனால், நம்மவர் ஒருவர் 1990ஆம் ஆண்டளவில் கணினியில் எழுதி நெகிழ்வட்டில் வைத்த சிறுகதையைக் காணக் கண் போதாது. வட்டை வாசிக்கும் கருவி வேண்டும்; கோப்பைத் திறக்கும் நிரல் வேண்டும்; அந்நிரல் ஓடுவதற்கு அக்காலத்துப் பொறியும் வேண்டும். ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டுப் படம் பிழைத்திருக்க, முப்பது ஆண்டு எழுத்து மாய்ந்து போவது முறையாகுமா?

மருந்து இல்லாமலில்லை. பழைய பொறியின் நடத்தை முழுவதையும் புதிய கணினியொன்றில் நிரலாகவே எழுதிவிடுகிறார்கள். இதனை எமுலேட்டர் என்பர். போலிப்பொறி என்று தமிழில் வழங்கலாம். ஆயினும் கள்ளச் சரக்கின் வாடை அச்சொல்லில் வீசுவதால், நிகர்ப்பொறி என்றே நான் சொல்லப் போகிறேன். டாஸ்பாக்ஸ் என்னும் நிகர்ப்பொறியை எவரும் பணமின்றிப் பெறலாம். நம் மாணவர் பலர் பழைய விளையாட்டுகளுக்காக அதனை ஏற்கெனவே அறிவர்.

நிகர்ப்பொறி கிடைத்ததோடு காரியம் முடிந்துவிட்டதாக எண்ணுவோர் பலர். அதனை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம். பிறந்த கணத்தில் அதன் நினைவகம் வெறுமையானது. எதை, எந்த வரிசையில், எவ்விடத்தில் ஏற்றுகிறோம் என்பதைப் பொறுத்தே அது பேசும், அல்லது உளறும்.

தோட்டத்து வாசகருக்கு இதனை விளக்குவது எளிது. விடியற்காலையில் பிரட்டுக்களத்திற்கு ஆட்கள் வந்து சேர்கிறார்கள். இன்னார் இன்ன மலைக்கு, இன்னார் இன்ன நிரைக்கு என்று அங்கே பிரித்து அனுப்பப்படுகிறது. ஆட்கள் அத்தனை பேரும் வந்திருந்தும் பிரட்டு நடவாவிட்டால் அன்று கொழுந்து நிறுவைக்கு வராது. பொறிக்கும் அத்தகைய பிரட்டு ஒன்று உண்டு.

1981இல் வெளிவந்த ஐ.பி.எம். தனியாள் கணினியை எடுத்துக்கொள்வோம். மின் பாய்ந்தவுடன் அதன் செயலி, தான் எட்டக்கூடிய முகவரிகளின் மேலெல்லைக்குப் 16 இடம் கீழே உள்ள கட்டளையை நாடும். அங்கே இருப்பது அழியாத நிலைநினைவகம். அதிலுள்ள நிரல் உறுப்புகளைச் சோதித்துவிட்டு, வட்டின் முதற்பகுதியான 512 பைட்டுகளை எடுத்து நினைவகத்தின் 31744ஆம் முகவரியில் வைத்து, ஆட்சியை அதனிடம் ஒப்படைக்கும். அச்சிறு துண்டு டாஸ் என்னும் இயங்குதளத்தைக் கொண்டுவரும். இயங்குதளமோ கொன்ஃபிக், ஓட்டோஎக்செக் என்னும் இரு சிறு கோப்புகளைப் படித்து, அவற்றில் எழுதியுள்ளபடி ஏனைய துணை நிரல்களை ஒவ்வொன்றாக அழைக்கும். கடைசியிலேதான் நாம் கேட்ட நிரல் வந்து அமரும்.

தமிழுக்கு நேர்ந்த சிக்கல் இவ்விடத்திலேயே இருக்கிறது. அப்பொறியின் நிலைநினைவகத்தில் ஆங்கில எழுத்துகளின் வடிவங்கள் பிறப்பிலேயே பதிந்திருந்தன. தமிழ் எழுத்து ஒன்றேனும் அங்கே இல்லை. கனடாவில் முனைவர் சீனிவாசன் ஆக்கிய ஆதமி, மலேசியாவில் முத்து நெடுமாறன் ஆக்கிய முரசு என 1980களில் தொடங்கிய முயற்சிகள் யாவும் இந்த இல்லாமையோடு போராடியவையே. அக்காலத்தில் இரு வழிகள் இருந்தன. திரையில் ஒவ்வோர் எழுத்தையும் நிரலே படமாக வரையலாம். அல்லது, பின்னர் வந்த திரை அட்டைகளில், எழுத்து வடிவங்களை அட்டையின் நினைவகத்திலேயே ஏற்றலாம். இரண்டாம் வழியில் எழுத்தொன்றுக்கு 16 பைட் வீதம் 256 வடிவங்களுக்கு 4096 பைட்டுகள் ஆகும். மின்சாரம் நின்றவுடன் அவ்வளவும் மறைந்துவிடும். மறுநாள் மீண்டும் ஏற்ற வேண்டும். ஆங்கிலம் பொறிக்குள் குடியிருந்தது. தமிழோ நாள்தோறும் வாசலில் நின்று பெயர் பதிந்து உள்ளே போக வேண்டியிருந்தது. குடியுரிமைக்காக 1948 முதல் பல்லாண்டுகள் மனுவெழுதிய மக்களிடையே வாழும் எனக்கு இந்நிலை புதிதாகத் தோன்றவில்லை.

ஆகவே, வட்டிலிருந்து கதையின் கோப்பை மட்டும் பிரித்தெடுத்து வைத்துக்கொள்பவர் பாதியையே காப்பாற்றியவராவார். எழுத்து வடிவங்களை ஏற்றிய நிரல், அதனை அழைத்த ஓட்டோஎக்செக் கோப்பின் ஒற்றை வரி, அவ்வரி நின்ற இடம் ஆகியவையும் அக்கதையின் பகுதிகளே. அந்த வரி போனால் கதை திரையில் கோடுகளாகவும் கட்டங்களாகவும் காட்சியளிக்கும்.

சிலர் குறுக்கு வழியை விரும்புவர். தொடக்கச் சடங்குகள் எதற்கு, நிரலை நேரே நினைவகத்தில் வைத்து ஓட்டிவிடலாமே என்பர். அப்படியும் செய்யலாம். காம் என்னும் வகை நிரல், தனக்குரிய பகுதியின் 256ஆம் இடத்திலிருந்து அமர்த்தப்பட வேண்டும். அதற்கு முன்னுள்ள 256 பைட்டுகளை இயங்குதளம் தன் குறிப்புகளால் நிரப்பும். திறக்க வேண்டிய கோப்பின் பெயரை நாம் கட்டளை வரியில் தந்திருந்தால், நிரல் அதனைத் தேடுவதும் அக்குறிப்புகளுக்குள்ளேதான். அவ்விடத்தை வெறுமையாக விட்டு நிரலை மட்டும் இருத்தினால், அது விழித்தெழுந்து திகைத்து நிற்கும். விளையாட்டுக்குக் குறுக்கு வழி போதும். ஆவணக் காப்புக்கு வட்டு முழுவதையும் அப்படியே படியெடுத்து, பொறி தானே தொடங்குமாறு விடுவதே சிறந்தது என்பது என் கருத்து. மூன்றரை அங்குல வட்டின் முழுப்படி 1474560 பைட்டுகள்தாம். இன்றைய கைத்தொலைபேசி எடுக்கும் ஓர் ஒளிப்படத்திற்கே அதைவிடக் கூடுதலான இடம் தேவைப்படுகிறது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அது வலுவுள்ள மறுப்புமாகும். யாவற்றையும் யூனிகோட்டுக்கு மாற்றிவிட்டால் பழம்பொறி எதற்கு என்று என் நண்பராகிய ஆசிரியர் ஒருவர் கேட்டார். 1991 முதல் யூனிகோட்டில் தமிழுக்கு இடமுண்டு. மாற்றம் வேண்டும் என்பதில் எனக்கும் ஐயமில்லை. நம் நாட்டில் பெருவழக்காயிருந்த பாமினி எழுத்துருவை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ‘தமிழ்’ என்னும் சொல், ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே கோப்பில் கிடக்கும். எழுத்துரு ஏற்றப்பட்டால் தமிழ். இல்லையேல் பொருளற்ற கிறுக்கல். பாமினியின் அட்டவணை தெரிந்திருப்பதால் மாற்றி நிரல்கள் எளிதிற் கிடைக்கின்றன. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்களும் முதலில் மயிலை எழுத்துருவிலும் பின்பு திஸ்கியிலும் இருந்து இன்று யூனிகோட்டுக்கு வந்தவையே.

ஆனால் அட்டவணை தெரியாத எழுத்துருவை என் செய்வது? ஓர் அச்சகத்தார் தம் வசதிக்கென்று நான்கு எழுத்துகளை இடம் மாற்றி வைத்திருந்தால், எதைக் கொண்டு அதனை அறிவது? மூலநிரலை நிகர்ப்பொறியில் ஓட்டிக் கோப்பைத் திறந்து, திரையில் தோன்றும் வடிவத்தையும் கோப்பிலுள்ள எண்ணையும் ஒப்புநோக்கியே அட்டவணையை மீட்கலாம். மாற்றி நிரலே நிகர்ப்பொறியின் துணையை நாடும் இடம் இது.

சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். அச்சு வந்துவிட்டது, இனி ஏடுகளை அடுப்பில் இடலாம் என்று தமிழறிஞர் எவரும் சொல்லார். பாடபேதம் எழும்போது ஏட்டைத்தானே தேடுகிறோம்? யூனிகோட் படி நமக்கு அச்சுநூல். வட்டின் முழுப்படியும் அது விழித்தெழும் முறையும் நமக்கு ஏடு.

உரிமைச் சட்டம் குறுக்கே நிற்கும் என்பாருமுளர். நிலைநினைவகத்தின் நிரலும் பழைய எழுத்துருக்களும் பிறர் உடைமை என்பது மெய்யே. ஆயினும் வழி முற்றாக அடைபட்டுவிடவில்லை. 1994இல் தொடங்கிய ஃபிரீடாஸ் யாவர்க்கும் பொதுவானது. மைக்ரோசாப்ட் நிறுவனமும் தன் டாஸின் பழைய பதிப்புகள் சிலவற்றின் மூலநிரலை 2018இல் கட்டற்ற உரிமத்தோடு வெளியிட்டது. தமிழ் நிரல்களை ஆக்கியோரிற் பலர் மொழிப்பற்றினால் உழைத்தவர். முறையாகக் கேட்டால் இசைவு தருவர் என்றே நான் நம்புகிறேன். கேட்பதற்கு அவர்கள் நம்மோடு இருக்கும் காலத்திலேயே கேட்டுவிட வேண்டும்.

2005 முதல் நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் படமாக்கி இணையத்தில் வைத்து வருகிறது. அச்சில் வந்தவற்றிற்கு அப்பணி பேருதவி. அச்சேறாமல் வட்டோடு நின்றுபோன கவிதை, பாடசாலை மலருக்கென்று எழுதி இடமின்மையால் விடப்பட்ட கட்டுரை, லயத்துக் கிழவியின் வாய்மொழியாகக் கேட்டுத் தட்டச்சிட்ட தாலாட்டு ஆகியவை அதன் கண்ணுக்குத் தென்படா. இவற்றைத் தேட வேண்டியவர் ஊர்தோறும் உள்ள இலக்கிய வட்டத்தாரும் ஆசிரியருமே. எங்கள் பள்ளத்தாக்கின் மூடுபனியும் ஈரமும் நெகிழ்வட்டுக்குப் பகை. உறைக்குள்ளேயே பூஞ்சணம் படர்ந்துவிடும். இவ்வகையில் கொழும்பாரைவிட நமக்கு அவகாசம் குறைவு.

உயர்தர வகுப்பில் தகவல் தொழினுட்பம் பயிலும் மாணவர் இருவர் ஒரு விடுமுறையில் இதனைச் செய்துவிடலாம். வட்டை முழுதாகப் படியெடுத்தபின் அதனை நிகர்ப்பொறியில் தொடங்கவிட்டு, எந்தக் கட்டளைக்குப்பின் எது திரையில் வந்தது என்பதை ஒரு தாளில் எழுதி அப்படியோடு சேர்த்து வைக்க வேண்டும். அக்காலத்தில் அச்சிட்ட பக்கம் ஒன்றாவது கிடைத்தால் அதனையும் சேர்க்கலாம். திரையில் தோன்றும் தமிழ் சரியானதுதானா என்று பார்க்க அதைவிட நல்ல சாட்சி இல்லை. மூன்றரை அங்குல வட்டை வாசிக்கும் கருவி இன்றும் விலைக்குக் கிடைக்கிறது. ஐந்தேகால் அங்குல வட்டுக்கோ பழைய பெட்டிகளில் உள்ள கருவியே கதி. பாடசாலையின் பின்னறையில் அத்தகைய பெட்டி ஏதேனும் கிடந்தால், பழைய இரும்புக்காரருக்குக் கொடுக்குமுன் அதன் முன்வாயைத் திறந்து பாருங்கள். உள்ளே வட்டொன்று இருந்தாலும் இருக்கும்.