அபேட்சகராகுமுன் அவர் என்ன செய்தார்?

தேர்தற் காலம் வந்துவிட்டால் எங்கள் ஊர்ப் படலைகளுக்கு ஓய்வில்லை. காலையில் ஒருவர், மாலையில் மற்றொருவர் எனக் கைகூப்பியவண்ணம் வந்து நிற்பர். அவர்கள் தரும் துண்டுப் பிரசுரங்களிலே "சமூக சேவையாளர்" என்னும் பட்டம் தவறாது காணப்படும். உயர்தர வகுப்பு மாணவனொருவன் அத்தகைய பிரசுரங்கள் நான்கைக் கொணர்ந்து என் மேசைமீது பரப்பி, "ஐயா, நால்வரும் சேவையாளர் என்றே எழுதியிருக்கிறார்கள். மெய்யான சேவையாளரை எப்படிக் கண்டுகொள்வது?" என்று வினவினான்.

"அவர் செய்த சேவை, வாக்குக் கேட்க வருவதற்கு முன்னரும் இருந்ததா? தோற்ற பின்னரும் தொடர்ந்ததா? இவ்விரண்டையும் பார்" என்றேன். அவனுக்கு அன்று எடுத்துச் சொன்ன வரலாற்றையே இவ்வாரம் வாசகர்களுக்கும் சொல்ல விழைகின்றேன்.

1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் வட்டுக்கோட்டைத் தொகுதியிலே சுயேச்சை அபேட்சகராக நின்றவர் ஹன்டி பேரின்பநாயகம். 1899இல் கிறிஸ்தவக் குடும்பமொன்றிற் பிறந்த அவர், அத்தொகுதியிலேயே அமைந்த யாழ்ப்பாணக் கல்லூரியில் நீண்டகாலம் ஆசிரியராயிருந்தவர். 1924இல் தோன்றிய யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸின் உயிர்நாடியாய் விளங்கியவரும் அவரே. பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்ற அச்சங்கம், பதவி தேடுவோர் கூடிய இடமன்று. பெரும்பாலும் ஆசிரியரும் மாணவரும் கூடிய சபை அது. சாதி வேற்றுமையை ஒழித்தல், தாய்மொழியைப் பேணுதல், தமிழ் மாணவர் சிங்களமும் சிங்கள மாணவர் தமிழும் கற்றல் என்பன அவர்கள் வற்புறுத்திய கருமங்கள். 1927 நவம்பரில் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்ததும் இச்சபையின் அழைப்பை ஏற்றேயாகும்.

இவற்றுள் மிகக் கடினமானது சம ஆசனப் பிரச்சினை. தாழ்த்தப்பட்டோர் எனப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் வாங்கில் அமர உரிமையின்றி நிலத்திலே இருந்து படித்த காலம் அது. 1930ஐ அண்டிய ஆண்டுகளில், எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் அளிக்கவேண்டும் என்ற விதி வந்தபோது எதிர்ப்பு மூண்டது. பாடசாலைகள் சில தீக்கிரையாயின. அந்நாளில் சம ஆசனத்தையும் சம போசனத்தையும் ஆதரித்துப் பேசுவது, சொந்த உறவினரின் முகத்தையே எதிர்த்து நிற்பதாகும். அதனால் ஒரு வாக்கும் கூடாது. உள்ள நட்புங்கூடக் குறையும். ஆதாயம் ஏதுமின்றி, இழப்பை அறிந்தே செய்யப்படுவது சேவை. அதனாலேயே இதனை முதலில் எடுத்துரைத்தேன்.

நிற்க. ஒருவரது பணியைப் போற்றுமிடத்து அவர் சார்ந்தோர் செய்த பிழையை மறைத்தலும் தகாது. டொனமூர் அரசியற்றிட்டம் பூரண சுயாட்சி தரவில்லை என்று கருதி, 1931ஆம் ஆண்டு அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்குமாறு வாலிபர் காங்கிரஸ் அறைகூவியது. அவ்வாண்டு மே 4ஆந் தேதி யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் நியமனப் பத்திரம் தாக்கல் செய்வார் ஒருவருமிலர். 1934இல் இடைத்தேர்தல் நடக்கும்வரை அவ்வாசனங்கள் வெறுமையாகவே கிடந்தன. இலங்கையிலே ஆணும் பெண்ணும், செல்வரும் வறியரும் ஒன்றாக வாக்களித்த முதற் பொதுத் தேர்தல் அதுவே. சம ஆசனத்திற்காகப் போராடிய சபையே, நிலத்தில் இருத்தப்பட்ட அப்பிள்ளைகளின் பெற்றோர் முதன்முதலாக வாக்களிக்கும் வாய்ப்பையும் அந்நான்கு தொகுதிகளில் தள்ளிப்போட்டுவிட்டது. நோக்கம் தூயதாயினும் விளைவு கசந்தது. ஆகவே சேவை வரலாறு ஒருவரது நெஞ்சுரத்திற்குச் சான்றாகுமேயன்றி, அவர் தவறே செய்யார் என்பதற்கு உறுதியாகாது. இவ்வுண்மையையும் வாக்காளர் மனத்திருத்தல் வேண்டும்.

1947இல் வடக்கிலே ஐம்பதுக்கைம்பது கோரிய தமிழ்க் காங்கிரஸின் அலை வீசிற்று. வாலிபர் காங்கிரஸின் மரபோ இனவாரிப் பிரதிநிதித்துவத்தை ஏற்காத மரபு. வட்டுக்கோட்டை வாக்காளர் தமிழ்க் காங்கிரஸ் அபேட்சகரான கே. கனகரத்தினத்தைத் தெரிவு செய்தனர். அவரும் அரசாங்க உத்தியோகத்தில் அனுபவம் பெற்றவரே. ஆதலின் வாக்காளரை நன்றிகெட்டவர் என்று நான் பழியேன். அவர்கள் அன்று ஒரு கொள்கைக்கு வாக்களித்தனர். அஃது அவர்தம் உரிமை.

தோல்வியின் பின்னர் பேரின்பநாயகம் என்ன செய்தார் என்பதே என் மாணவனுக்கு நான் சுட்டிய இரண்டாவது அடையாளம். அவர் மீண்டும் பள்ளிக்கூடத்திற்கே சென்றார். 1949 முதல் 1960 வரை கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராயிருந்தார். கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்த ஒருவரிடம் சைவப் பெருமக்கள் தம் கல்லூரியை ஒப்படைத்தனர் என்பதைச் சற்றே சிந்தியுங்கள். பெற்ற பிள்ளைகளை நம்பி ஒப்படைப்பது வாக்கினும் பெரிய நம்பிக்கையன்றோ? பாராளுமன்றத்தில் அவருக்கு ஆசனம் கிடைக்கவில்லை. வகுப்பறையில் பிறருக்கு ஆசனம் கிடைக்கப் பேசிய குரலோ, 1977இல் அவர் மறைந்த பின்னும் மறக்கப்படவில்லை.

இதனைக் கேட்ட மாணவன் சிறிது நேரம் வாளாவிருந்தான். பின்பு, "அப்படியானால் இந்த நால்வரிடமும் நான் என்ன கேட்கவேண்டும், ஐயா?" என்றான்.

"வென்றால் என்ன செய்வீர் என்று எல்லோரும் கேட்பர். நீ, 'தோற்றால் என்ன செய்வீர்?' என்று கேள். அதற்குத் தயங்காது விடை சொல்பவரின் பிரசுரத்தை மாத்திரம் மீண்டும் ஒருமுறை படி" என்றேன்.

பெற்றோர்களே, உங்கள் படலையில் வந்து நிற்பவரிடம் உங்கள் பிள்ளை இக்கேள்வியைக் கேட்டால், அதட்டி உள்ளே அனுப்பிவிடாதீர்கள். விடையை நீங்களும் நின்று கேளுங்கள்.