காதைக் கூலிக்கு விற்கவில்லை

"செவிடன் காதில் ஊதிய சங்கு" என்று நாம் சதா பழமொழி சொல்கிறோம். காது கேளாதவனைக் கேலி செய்ய நமக்கு வார்த்தைக்குப் பஞ்சமில்லை. அவன் காது எதனால் கெட்டது என்று கேட்க மட்டும் நமக்கு வாய் எழுவதில்லை.

தோட்டத்தில் உளி பட்டுக் கை கிழிந்தால் கட்டுப் போடுகிறார்கள். கிராணியார் விபத்துப் புத்தகத்தில் எழுதுகிறார். காது போனால் எழுதுவார் யார்? அது ரத்தம் வராத காயம். பெரட்டில் பெயர் கூப்பிட்டு ஏன் என்று கேட்காவிட்டால், "திமிர் பிடித்தவன்" என்று பெயர் சூட்டுகிறோம். வீட்டிலோ "வயதாகிவிட்டது" என்று முடித்துவிடுகிறோம். இரண்டும் தவறு என்பதே நம் கட்சி. வேலையில் கெட்ட காது, வேலையில் இழந்த விரலுக்குச் சமம்.

பால் வெட்டுக்குச் சத்தமில்லை, உண்மைதான். ஆனால் சுங்கை ஆயர் தாவார், சபாக் பெர்ணம், கோலசிலாங்கூர் வட்டாரத்தில் வெட்டோடு வேலை நிற்கிறதா? புல்வெட்டி மெஷினைத் தோளில் மாட்டுகிறோம். மருந்தடிக்கும் மெஷினை முதுகில் சுமக்கிறோம். டிராக்டர் ஓட்டுகிறோம், ஆலையில் உருளைகளின் பக்கத்தில் நிற்கிறோம். புல்வெட்டி மெஷினின் சத்தம் பெரும்பாலும் 90 டெசிபலுக்கு மேல். 85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம் நின்றால் காதுக்கு எவ்வளவு பளுவோ, 88-இல் 4 மணி நேரமும் 91-இல் 2 மணி நேரமும் அவ்வளவே பளு. ஒரு கை தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால், அது காதைக் கெடுக்கும் சத்தம் என்று அறிக.

உட்காதில் நத்தைக்கூடு போன்ற ஓர் உறுப்பு உண்டு. அதனுள்ளே மெல்லிய மயிரிழைகளைக் கொண்ட ஆயிரக்கணக்கான உயிரணுக்கள் ஒலியை வாங்கி மூளைக்கு அனுப்புகின்றன. பெருஞ்சத்தம் அவற்றைச் சாகடிக்கிறது. வெட்டிய பட்டை மறுபடி வளரும். இந்த உயிரணுக்கள் மறுபடி வளர்வதில்லை. முதலில் போவது கீச்சொலிகளைக் கேட்கும் திறன். ஆகவே, "பேசுவது கேட்கிறது, என்ன பேசுகிறார்கள் என்றுதான் விளங்கவில்லை" என்பான் தொழிலாளி. வேலை முடிந்தபின் காதில் வண்டு ரீங்காரமிட்டால் அதுவே முதல் எச்சரிக்கை.

இது இன்று கண்டுபிடித்த சங்கதி அல்ல. 1886-இல் கிளாஸ்கோ நகரத்து வைத்தியர் தாமஸ் பார், கொதிகலன் செய்யும் தொழிலாளர் 100 பேரைச் சோதித்தார். பழுதில்லாத காது ஒருவருக்கும் இல்லை. எனவே, "எங்களுக்குத் தெரியாது" என்று எந்த முதலாளியும் சொல்ல முடியாது.

நம் நாட்டில் 1989-ஆம் ஆண்டுச் சத்தக் கட்டுப்பாட்டு விதிகள் தொழிற்சாலைகளுக்கே உரியவையாக இருந்தன. அதில் வரம்பு 90 டெசிபலாக இருந்தது. ஆலைக்காரனுக்குச் சட்டம் இருந்தது. வெளிக்காட்டில் புல்வெட்டி மெஷின் பிடித்தவனுக்கு அது எட்டவில்லை. 2019 ஜூன் 1 முதல் புதிய விதிகள் வந்தன. அவை தோட்ட வேலையையும் தழுவுகின்றன. வரம்பும் 85-ஆகக் குறைந்தது. அதற்கு மேல் சத்தம் உள்ள வேலையில் இருப்பவருக்கு நிர்வாகம் காதுக் காப்பு கொடுக்க வேண்டும். ஆண்டுதோறும் செவிச் சோதனை செய்து முடிவைத் தெரிவிக்க வேண்டும். வேலைச் சத்தத்தால் வரும் செவிட்டுத்தன்மை, 1969-ஆம் ஆண்டுச் சொக்சோ சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது. 2019 ஜனவரி முதல் சட்டப்படி வேலை செய்யும் அந்நியத் தொழிலாளருக்கும் வேலைக் காயப் பாதுகாப்பு உண்டு. பங்களாதேஷ் தோழனின் காதும் காதுதான்!

"அடைப்பான் கொடுத்தோம், அவர்கள்தான் போடுவதில்லை" என்று நிர்வாகம் சொல்லும். இதில் பாதி உண்மை உண்டு. அதை மறைக்க வேண்டாம். உச்சி வெயிலில் வேர்வை வழிய அடைப்பான் உறுத்துகிறது. டிராக்டர் வருவது தெரியாதே என்ற பயமும் இருக்கிறது. அதற்கு மருந்து தொழிலாளியைத் திட்டுவதல்ல. காதுக்குப் பொருந்தும் அடைப்பானைத் தேர்ந்தெடுக்க விடுவது. போடும் முறையைக் கற்றுக்கொடுப்பது. புகைக்குழாய் ஓட்டையான மெஷினைப் பழுதுபார்ப்பது. ஒருவனே நாள் முழுதும் பிடிக்காமல் ஆள் மாற்றுவது. அடைப்பான் கடைசி வேலி. சத்தத்தைக் குறைப்பதே முதல் கடமை.

நம் கடமையும் உண்டு. கோழி இறகு, ஊசி, தீக்குச்சி கொண்டு காது குடையாதீர்கள். குறும்பி காதுக்குக் காவலே தவிர அழுக்கல்ல. காய்ச்சிய எண்ணெய் ஊற்றாதீர்கள். பிள்ளையின் காதில் சீழ் வடிந்தால் "தானாக நின்றுவிடும்" என்று விடாதீர்கள். செவிப்பறை ஓட்டையாகிப் பள்ளியில் பாடம் கேளாத பிள்ளையை "மக்கு" என்பார்கள். கிளினிக்குக்கோ சபாக் பெர்ணம் ஆஸ்பத்திரிக்கோ உடனே கொண்டுபோங்கள்.

கிராணிமார்களுக்கு ஒரு வார்த்தை. யார் எந்த மெஷினில் எத்தனை மணி நேரம் நின்றார் என்பது உங்கள் பேனாவில் இருக்கிறது. நாளை சொக்சோவில் ஒரு தொழிலாளி தன் வழக்கை எடுத்துச் சொல்ல அந்த வரிகள் உதவும். அவற்றை ஒழுங்காக எழுதுங்கள்.

தோழர்களே! அடுத்த கிளைக் கூட்டத்தில் மூன்று கேள்விகள் எழட்டும். நம் தோட்டத்தில் சத்தம் அளக்கப்பட்டதா? செவிச் சோதனை நடந்ததா? முடிவு தொழிலாளியின் கையில் கிடைத்ததா? பதில் வரும்வரை கேளுங்கள். நாம் விற்றது உழைப்பை; காதை அல்ல.